அமரர் பொன்னுரங்கம் மற்றும் பலர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆரோக்கிய ஜெகன் குடியிருக்கும் வீட்டு வாசல் தூணில் ஒரு கறுப்புக் கிரானைட் பலகை பதித்திருக்கிறது. கீழ்ப்பாதியில் "ஆரோக்கிய ஜெகன், எம்.இ., உதவிப் பேராசிரியர்" என்று பொன்னிறத்தில் வெட்டியிருக்கும். மேல்பாதியை எப்போதும் ஒரு செய்தித்தாள் மறைத்திருக்கும். அதற்கடியில் இருப்பது "முனைவர்" என்ற ஒரே ஒரு சொல். வெட்டச் சொன்னவர் ஜெகனின் மாமனார் யாகப்பன். மாப்பிள்ளை முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறார், கல் வெட்டுகிறவரோ ஏற்கெனவே வந்திருக்கிறார், ஒரு சொல்லுக்காக அவரைப் பிறகு தனியாக அலைக்கழிப்பானேன் என்று அவர் நினைத்துவிட்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ மழைக்காலம் வந்து போய்விட்டது. ஒவ்வொரு மழைக்கும் செய்தித்தாள் ஊறிக் கிழியும். பக்கத்து வீட்டார் யாரும் பார்ப்பதற்குள் ஜெகன் குடையும் செல்லோடேப்புமாக ஓடிவந்து புதுத் தாள் ஒட்டுவார். தன் ஆராய்ச்சி வாழ்க்கையில் தவறாமல் நடந்துவரும் ஒரே வேலை இதுதான் என்று மனைவி நித்யா மேரியிடம் அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

இந்த வருடம் சிரிக்க முடியவில்லை. பதிவுக் காலத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் ஒரு கட்டுரை வெளிவர வேண்டும், அதில் ஜெகனின் பெயர் முதலாவதாக இருக்க வேண்டும் என்று நெறியாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இல்லையென்றால் பதிவு ரத்து. முனைவர் பட்டம் இல்லாதவர்களை அடுத்த ஆண்டு முதல் வைத்துக்கொள்வதில்லை என்று கல்லூரி ஏற்கெனவே சுற்றறிக்கை விட்டிருந்தது. ஆக, பட்டம் போனால் வேலையும் போகும். பலகை மட்டும் இருக்கும்.

அந்தக் கல்லூரி கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், இரண்டு ஊரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாத ஓரிடத்தில் இருக்கிறது. பெயர் பொன்னுரங்கம் பொறியியல் கல்லூரி. பொன்னுரங்கம் என்பவர் தாளாளர் சபாபதியின் காலஞ்சென்ற தகப்பனார். சபாபதி முன்பு சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் நடத்திப் பேரெடுத்தவர். மண்டபத்துக்கும் கல்லூரிக்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. இரண்டிலும் கூட்டம் வருகிறது, சாப்பாடு போட வேண்டியிருக்கிறது, போட்டோ எடுக்கிறார்கள், யாராவது ஒருத்தர் கோபித்துக்கொண்டு போகிறார்.

அப்பேர்ப்பட்ட சபாபதி இந்த வருடம் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று நடத்துவதென்று முடிவு செய்தார். "தகவல் தொழில்நுட்பம் மற்றும் மின்னணுப் பொறியியலில் அண்மைக்கால ஆராய்ச்சி முன்னேற்றங்கள்" என்று தலைப்பு. பஞ்சாங்கம் பார்த்தார்கள். முகூர்த்த நாளில் நல்ல சமையல்காரர் கிடைக்க மாட்டார் என்பதால், முகூர்த்தமும் இல்லாத, அஷ்டமி நவமியும் இல்லாத ஒரு நாளைக் கண்டுபிடித்துக் குறித்தார்கள். கருத்தரங்குக்கு வரும் சிறந்த கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று வெளியிடும் என்று ஏற்பாடு. ஜெகன் நெடுநாளைக்குப் பிறகு மெழுகுவத்தியோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

அவருடைய ஆராய்ச்சி ஒரு கதவு. கதவுக்கு மேலே கேமரா. வருகிறவரின் முகத்தை அது பார்க்கும். தெரிந்த முகமென்றால் கதவு தானாகத் திறந்து "வாங்க, வணக்கம்" என்று சொல்லும். தெரியாத முகமென்றால் திறக்காமல் "மன்னிக்கவும், உங்களை எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லும். இரண்டையும் பேசிக் கொடுத்தவர் நித்யா மேரி. இரண்டாவதைச் சொல்லும்போது அவர் குரலில் இயல்பாகவே நல்ல கண்டிப்பு வந்தது.

முகம் தெரிய வேண்டுமென்றால் முதலில் கணினிக்கு நிறையப் படங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். பிறகு அது பார்த்திராத வேறு படங்களைக் காட்டிச் சோதிக்க வேண்டும். ஜெகன் கேமராவைத் தூக்கிக்கொண்டு தாளாளரிடம் போனார். இருக்கிறபடியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். இருக்கிறபடியே எடுப்பதில் சபாபதிக்கு விருப்பமில்லை. தன் போட்டோவுக்கு என்ன பஞ்சம், பைபாஸ் முழுக்க ஃப்ளெக்ஸில் இருக்கிறதே என்றார். முதல்வர் தமிழ்ச்செல்வி மேடமும் அதையே சொன்னார்.

ஜெகன் டூவீலரில் போய்ச் சாலையோர ஃப்ளெக்ஸ்களை எல்லாம் படம் பிடித்து வந்தார். எல்லா ஃப்ளெக்ஸிலும் சபாபதி ஒரே மாதிரி இருந்தார். தலைமுடி கருகருவென்று, கன்னம் சுருக்கமில்லாமல், நிறம் பால்கோவாவுக்கு இரண்டு படி மேலே. பல வருடங்களுக்கு முன்பு எடுத்த ஒரே ஒரு போட்டோதான், பெரிதும் சிறிதுமாகப் பரவியிருந்தது. பாதி ஃப்ளெக்ஸைக் காட்டிக் கணினியைப் பழக்கி, மீதிப் பாதியைக் காட்டிச் சோதித்தார். கணினி தவறே செய்யவில்லை. செய்யாது. ஒரு மாணவன் இப்படிச் செய்து கொண்டுவந்திருந்தால், கேள்வியையே விடையாக எழுதியிருக்கிறாய் என்று ஜெகன் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார். தனக்கென்று வரும்போது மை தீர்ந்துபோயிருந்தது.

கட்டுரையை எழுதி, மேலே தன் பெயரையும் அடுத்து நெறியாளர் பெயரையும் போட்டுத் தாளாளரிடம் கொண்டுபோனார். சபாபதி கட்டுரையைப் புரட்டவில்லை. பெயர்களை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, வருத்தத்தோடு நிமிர்ந்தார்.

"தம்பி, நான் எத்தினியோ கல்யாணம் பாத்தவன். சாம்பாரு பத்தலன்னாக்கூட சமாளிச்சிடலாம். பத்திரிகையில ஒரு பேரு வுட்டுப்போச்சின்னு வைங்க, அவுங்க செத்தாலும் நம்மள மன்னிக்க மாட்டாங்க."

இது கல்யாணப் பத்திரிகை இல்லை, ஆராய்ச்சிக் கட்டுரை, இதில் ஆராய்ச்சி செய்தவர்கள் பெயரை மட்டும்தான் போடுவார்கள் என்று ஜெகன் பணிவாக எடுத்துச் சொன்னார்.

"கல்யாணப் பத்திரிகையில கல்யாணம் பண்ணிக்கிறவங்க பேரு மட்டுமா தம்பி போடுறாங்க?"

இத்தனை வருடம் ஜெகன் படித்ததில் இந்தக் கேள்விக்கு எங்கேயும் விடை வரவில்லை.

பட்டியல் முறைப்படி தயாரானது. அமரர்கள் முதலில் வர வேண்டும் என்பது வழக்கமாதலால் முதல் பெயர் பொன்னுரங்கம். அடுத்து சபாபதி, அவர் மனைவி மலர்க்கொடி, முதல்வர் தமிழ்ச்செல்வி. பிறகு அறக்கட்டளையின் பங்காளிகள், வயது வரிசைப்படி. வயதில் இருவருக்குத் தகராறு வந்து, ஒருவருடைய ஜாதகத்தைக் கொண்டுவந்து தீர்த்தார்கள். அடுத்து தாளாளரின் மகள் ஸ்ரீமதி. பெயருக்குப் பக்கத்தில் அமெரிக்கா என்று இருந்ததால் கட்டுரை அந்த நிமிடமே பன்னாட்டுத் தரத்தை அடைந்துவிட்டதாக முதல்வர் மகிழ்ந்தார். கடைசியில், பத்திரிகைகளில் சின்னஞ்சிறுசுகளின் பெயர் வருமே, அந்த இடத்தில் ஸ்ரீமதியின் கைக்குழந்தை. குழந்தைக்கு அப்புறம் ஜெகன். நெறியாளர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தன் பெயரைத் தானே விலக்கிக்கொண்டார்.

தன் பெயர் முதலில் இல்லையென்றால் பட்டம் கிடைக்காது என்று ஜெகன் முதல்வரிடம் கெஞ்சினார். தமிழ்ச்செல்வி மேடம் இரக்கமுள்ளவர். அனைவரும் சமமாகப் பங்களித்தார்கள் என்பதற்கு அடையாளமாக எல்லாப் பெயரின் தலையிலும் ஒரு நட்சத்திரம் வைக்கலாம், அப்போது எல்லாருமே முதல் பெயர்தான் என்றார். கைக்குழந்தைக்கும் நட்சத்திரம் கிடைத்தது. நெறியாளரைக் கேட்டதில், நட்சத்திரம் செல்லாது, ஆராய்ச்சி முழுவதும் ஜெகன் செய்தது என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் பல்கலைக்கழகத்தில் பேசிப் பார்க்கலாம் என்றார். கருத்தரங்கு நல்லபடி முடியட்டும், எழுதித் தருகிறோம் என்று தாளாளர் வாக்குக் கொடுத்தார். ஜெகன் நம்பினார். நம்புவதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஆய்விதழின் இணையப் பக்கம் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்டது. அமரர் பொன்னுரங்கத்துக்கு முகவரி இல்லை. ஜெகனே ஒன்றைத் தொடங்கி, கடவுச்சொல்லும் வைத்தார். "இக்கட்டுரையை முழுமையாகப் படித்து ஒப்புதல் அளிக்கிறேன்" என்று அந்த முகவரிக்கு வந்த உறுதிமொழிக்கும் அவர் சார்பில் தானே சம்மதம் சொன்னார். மற்றவர்களும் படிக்காமல்தான் சம்மதம் சொன்னார்கள். அந்த வகையில் உயிரோடிருந்தவர்களுக்கும் பொன்னுரங்கத்துக்கும் ஒரு வேறுபாடும் இல்லை.

கருத்தரங்கு நாள் வந்தது. வாசலில் வாழைமரம், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, கல்கண்டு, நாதஸ்வரம். கருத்தரங்கக் கூடத்தின் கதவில் ஜெகனின் கேமரா. தாளாளர் பட்டுவேட்டியில் வந்து கதவுக்கு முன்னால் நின்று, கேமராவைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"மன்னிக்கவும், உங்களை எனக்குத் தெரியவில்லை."

நித்யா மேரியின் குரல் ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது. தாளாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றார். தெரியவில்லை. சீப்பு வாங்கித் தலைவாரிக்கொண்டு நின்றார். தெரியவில்லை. தமிழ்ச்செல்வி மேடம் முன்னால் போய் நின்றார், அவரையும் தெரியவில்லை. வெளிச்சம் காரணமாக இருக்கலாம் என்று ஜெகன் மெல்லச் சொன்னார். அது பொய் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில், வாசலில் காற்றுக்குச் சாய்ந்துவிட்ட ஃப்ளெக்ஸ் ஒன்றைப் பந்தல்காரர்கள் இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனார்கள். அதில் கருகருவென்ற முடியோடு சபாபதி கைகூப்பியிருந்தார்.

"வாங்க, வணக்கம்" என்றது கதவு. இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்தது. கதவு திறப்பதுதான் சைகை என்று சொல்லி வைத்திருந்தபடியால் நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குக் கண்ணைக் காட்டினார். மேளம் கொட்டி முழங்க, ஃப்ளெக்ஸ் முன்னே போக, தாளாளர் தன் படத்துக்குப் பின்னால் நடந்து உள்ளே போனார். அவருக்குப் பின்னால் முதல்வரும் விருந்தினரும் போனார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

ஜெகன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கடைசியாக வந்து நின்றார். அவர் படம் எந்த ஃப்ளெக்ஸிலும் வந்ததில்லை.

"மன்னிக்கவும், உங்களை எனக்குத் தெரியவில்லை" என்றார் அவர் மனைவி.

அவர் சமையல்கட்டுப் பக்கமாகச் சுற்றிப்போய், சாதம் வடிக்கும் அண்டாவுக்குப் பக்கத்திலிருந்த ஜன்னல் வழியாகத் தன் ஆராய்ச்சியைக் கேட்டார். தாளாளர் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க சில பேரு சிரிச்சீங்க, நான் பாத்தேன். யோசிச்சுப் பாருங்க. மனுஷன் தெனம் மாறிக்கினே இருக்கான். போட்டோ மாறுறதில்ல. எது நெலையானதோ அத மெஷினு கண்டுபிடிச்சிருக்கு. இந்தக் கல்லூரியும் அப்படித்தான். நீங்க உள்ள வந்து பாத்தீங்கன்னா ஒண்ணும் தெரியாது. வெளிய இருக்கிற போர்டப் பாத்தாத்தான் எவ்ளோ பெரிய கல்லூரின்னு தெரியும்."

பலத்த கைதட்டல். அடுத்து முதல்வர் கட்டுரையை வாசித்தார். முடிந்ததும் சிதம்பரத்திலிருந்து வந்திருந்த காயத்ரி என்ற ஆய்வாளர் எழுந்து, எந்தப் படங்களை வைத்துக் கணினியைச் சோதித்தீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி, வடை ஆறிவிடும் என்றார் முதல்வர். ஜன்னலுக்கு வெளியே ஜெகனுக்கு வியர்த்தது. அண்டாவின் ஆவி என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

கட்டுரை வெளியானது. பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தருவதாகச் சொன்ன கடிதம் மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. அதற்குள் ஆய்விதழிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்துவிட்டது. காயத்ரி அன்று வாசலில் எடுத்த கதவின் காணொளியை அவர்களுக்கு அனுப்பியிருந்தார். பழக்கிய படங்களும் சோதித்த படங்களும் ஒன்றா என்று ஜெகனிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதோடு ஒவ்வோர் ஆசிரியரும் தான் செய்த பங்கு என்ன என்று தனித்தனியே எழுத வேண்டும். கட்டுரைக்குப் பொறுப்பேற்க விரும்பாதவர்கள் தங்கள் பெயரை விலக்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

தாளாளர் அறையில் அவசரக் கூட்டம் நடந்தது. யார் முதலில் விலகுவது என்பதில் மரியாதை பார்த்தார்கள். பெரியவர்கள் இருக்க நாம் எப்படி என்று பங்காளிகள் தயங்க, முதல்வர் வழிகாட்டினார்.

"நான் அந்தக் கட்டுரையப் படிக்கவே இல்ல. மேடையில வாசிச்சேன், அவ்ளோதான். வாசிக்கிறப்பகூட மனசுல வாங்கல. கல்லூரில எல்லாருக்கும் தெரியும், இங்க எதையும் படிச்சுட்டு நான் கையெழுத்துப் போட்டதில்ல."

அது ஒரு நற்சான்று போல எல்லாரும் தலையாட்டினார்கள். ஜெகன் தாளாளரைப் பார்த்தார்.

"ஐயா, பேரு நீங்கதான போடச் சொன்னீங்க?"

"மரியாதைக்குப் போட்டது தம்பி. பத்திரிகையில பேரு போட்டதுக்காக, பொண்ணுக்கும் மாப்ளைக்கும் தகராறு வந்தா நாங்களா வந்து குடும்பம் நடத்த முடியும்?"

அன்று மாலையே கடிதங்கள் தயாராகின. இவ்வளவு நாளாக ஜெகன் ஏங்கிய அதே வாசகம், ஒவ்வொன்றிலும் கையெழுத்தோடு இருந்தது: "மேற்படி ஆராய்ச்சி முழுவதையும் செய்தவர் திரு. ஆரோக்கிய ஜெகன் ஒருவரே." ஸ்ரீமதி அமெரிக்காவிலிருந்து எழுதினார், குழந்தைக்கும் சேர்த்து. பட்டத்துக்காகக் கேட்டபோது எழுத நாள் கிடைக்காதவர்கள் பழி வந்ததும் ராகுகாலம்கூடப் பார்க்காமல் எழுதிவிட்டதை நினைத்து ஜெகனுக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சிரித்தார். அதுதான் அவருக்குப் பழகியிருந்தது.

சில நாட்களில் கனமழை பிடித்துக்கொண்டது. கலெக்டர் விடுமுறை விட்டிருந்தார். மத்தியானம் ஜெகன் மடிக்கணினியைத் திறந்தார். கட்டுரையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பெயராக உதிர்ந்து, இரண்டே பெயர் மிச்சம் இருந்தது. பொன்னுரங்கம். அதற்கடுத்து ஆரோக்கிய ஜெகன்.

அமரரின் அஞ்சல் பெட்டியைத் திறந்தார். ஆய்விதழ் அவருக்கும் எழுதியிருந்தது. அன்புள்ள பொன்னுரங்கம் அவர்களே, மற்றவர்கள் பதில் அளித்துவிட்டார்கள், தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம், தாங்கள் பெயரை விலக்கிக்கொள்ள விரும்பினால் கீழே உள்ள பொத்தானை அழுத்துங்கள் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தது.

ஒரே ஒரு அழுத்து. முதல் பெயர் ஜெகனுடையதாகிவிடும். அதோடு, படங்கள் வேறு வேறுதான் என்று ஒரு வரி எழுதிப்போட்டால் கட்டுரை பிழைத்துக்கொள்ளக்கூடும். ஃப்ளெக்ஸ்கள் வேறு வேறுதானே? டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. வாசல் பலகையிலிருந்து செய்தித்தாளை ஒரேயடியாகக் கிழித்துவிடலாம். விரல் பொத்தான் மேல் நின்றது.

நித்யா மேரி காபி கொண்டுவந்து வைத்தவர், திரையை எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இது பொன்னுரங்கம்? எல்லாரும் போயிட்டாங்க, இவரு மட்டும் இருக்காரு?"

"செத்துப்போனவரு. அவரு எப்படிப் போவாரு?"

"பாவம். ஒண்ணுமே தெரியாத மனுஷன்" என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

ஜெகன் அந்தப் பெயரை மறுபடி படித்தார். அந்த மனிதருக்கு ஈமெயில் தெரியாது. அவர் பேரில் 'படித்தேன்' என்று சொன்னதும் நான்தான், இப்போது அவர் பேரில் 'விலகுகிறேன்' என்று சொல்லப்போவதும் நான்தான். மற்றவர்களாவது அவரவர் கையெழுத்தைப் போட்டு ஓடினார்கள் என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. அதோடு, உண்மையைச் சொன்னால், கூட இருந்த ஒருத்தரையும் அனுப்பிவிட்டுத் தனியாக நிற்க அவருக்குப் பயமாகவும் இருந்தது. அமரரின் பெட்டியை மூடினார். தன் பெட்டியில் ஆய்விதழுக்கு எழுதினார்: "எல்லாம் ஒரே போட்டோ. கதவுக்கு மனிதர்களைத் தெரியாது. தவறு என்னுடையது." அனுப்பிவிட்டுக் காபியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் ஆய்விதழின் அறிவிப்பு வந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று தலைப்பு. கீழே ஆசிரியர்கள் பெயர்: பொன்னுரங்கம், ஆரோக்கிய ஜெகன். திரும்பப் பெற்ற கட்டுரையில்கூட முதல் பெயர் வாய்க்கவில்லை என்று அவர் சொல்ல, நித்யா மேரி சிரிக்க முயன்று, முடியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மழையில் பலகையின் செய்தித்தாள் முழுதாகக் கரைந்துவிட்டது. "முனைவர்" பளிச்சென்று தெரிந்தது. ஜெகன் குடையை எடுக்கவில்லை.

மறுநாள் மாலை மழை விட்டிருந்தது. யாகப்பனும் மகளும் மருமகனும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். எங்கு பார்த்தாலும் பூவும் மெழுகுவத்தியுமாக ஜனம் நெரிந்தது. யாகப்பன் தன் மனைவி சவரியம்மாளின் கல்லறையைக் கழுவிச் சாமந்திப்பூ வைத்தார். மூவரும் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் சொன்னார்கள். முடிந்த பிறகு ஜெகன் பையிலிருந்து இன்னொரு மெழுகுவத்தியை எடுத்து, யாருடைய கல்லறையும் இல்லாத ஓர் ஓரத்தில், ஈர மண்ணில் குத்தி நிறுத்திப் பற்றவைத்தார்.

"அது யாருக்கு மாப்ள?" என்றார் யாகப்பன்.

"எனக்கு முன்னாடி பேரு உள்ளவருக்கு மாமா."

மகள் எல்லாவற்றையும் யாகப்பனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"அவரு இந்துதான?"

"ஆமா மாமா. ஆனா அத்தனை பேர்ல கடைசி வரைக்கும் எங்கூட நின்னது அவரு ஒருத்தருதான்."

கடற்காற்று வீசியது. சுடர் சாய்ந்து அணையப் பார்த்தது. யாகப்பன் மெதுவாக முழங்காலிட்டு, இரண்டு கையையும் குவித்து, அது நின்று எரியும் வரை மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.